207.2: ஈயத்தின் கணக்கைக் குழப்பிய இலங்கைக் கல்

உயர்தரத்தில் இரசாயனவியல் எடுத்த யாரும் ஈய நைத்திரேற்றின் மூலர்த் திணிவைக் கணக்குப் போடாமல் தப்பியிருக்க முடியாது. ஈயம் 207.2, நைதரசன் இரண்டு என்பதால் 28, ஒட்சிசன் ஆறு என்பதால் 96. கூட்டினால் 331.2. ஒரு மூலுக்கு 331.2 கிராம். முடிந்தது, அடுத்த கேள்விக்குப் போகலாம். ரியூசன் வகுப்பில் இதற்கு மேல் யாரும் நின்று யோசிப்பதில்லை. யோசித்தால் பாஸ் பேப்பர் முடிக்க நேரம் போதாது.

ஆனா கொஞ்சம் பெரிய ஆவர்த்தன அட்டவணை ஒன்றை எடுத்து உற்றுப் பாருங்க. சோடியத்துக்கு 22.98976928 என்று போட்டிருப்பார்கள். தசமப் புள்ளிக்குப் பிறகு எட்டு இலக்கம். தங்கத்துக்கும் நீளமான எண்தான். ஈயத்துக்கு வந்தால் 207.2, அவ்வளவுதான். ஈயம் என்ன, அளக்கக் கஷ்டமான பொருளா? கிடைக்காத பொருளா? ரோமர்கள் தண்ணீர்க் குழாய் செய்த உலோகம். மீன் வலைக்குக் கட்டுற குண்டு. அதை இரண்டு நூற்றாண்டாக உலகத்தின் கைதேர்ந்த ஆட்கள் நிறுத்துப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். இன்றைக்கு இருக்கும் கருவிகளுக்கு ஏழெட்டுத் தசமதானம் ஒரு பெரிய விசயமே இல்லை.

தராசில் பிழை இல்லை. ஈயம்தான் ஊருக்கு ஊர் வேறு எடையில் இருக்கிறது. இந்த உண்மையை உலகத்துக்கு நிரூபித்துக் காட்டிய கற்களில் முக்கியமான இரண்டு, இலங்கையிலிருந்து போனவை. அதில் ஒன்றை இலண்டனுக்கு அனுப்பி வைத்தவர், நம்மில் பலர் நடராசர் சிலையோடு மட்டும் சேர்த்து நினைக்கும் ஒரு தமிழர்.

அந்தக் கதைக்கு முன்னால் மாத்தளைப் பக்கம் ஒரு எட்டு போய் வருவோம்.

ஏ9 வீதியில் மாத்தளையிலிருந்து தம்புள்ளைக்குப் போகும்போது நடுவில் வருவது நாலந்தா. கெடிகே என்ற கற்கோயிலுக்காகப் பேர்போன ஊர். பல்லவர் பாணியில் கட்டிய பௌத்தக் கோயில் என்று சொல்லுவாங்க. போவதென்ன நீர்த்தேக்கம் வந்தபோது கல் கல்லாகக் கழற்றி மேட்டில் திரும்பக் கட்டினார்கள். அதைப் பற்றி எழுத நிறைய இருக்கிறது, இன்றைக்கு வேண்டாம். இன்றைக்கு நமக்கு வேண்டியது இந்த மாவட்டத்து மண்ணுக்குள் இருக்கும் வெள்ளைக் கல். மாத்தளை மாவட்டத்திலும் கண்டிப் பக்கமும் பட்டை பட்டையாக ஓடும் பளிங்குச் சுண்ணாம்புக் கல். அதில் பெரும் பகுதி டொலமைட்.

தோட்டத்து ஆட்களுக்கு இந்தப் பெயரை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. தேயிலையைக் கவ்வாத்து வெட்டுகிற காலத்தில் மலைக்கு டொலமைட் போடுவார்கள். உரம் போட்டுப் போட்டுப் புளித்துப்போன மண்ணின் அமிலத்தைக் குறைக்கத்தான் அந்த வெள்ளைத் தூள். அதன் கணக்கைப் போட்டுப் பார்த்தால், கல்சியம் 40.1, மக்னீசியம் 24.3, காபனேற்று இரண்டு என்பதால் 120. மொத்தம் 184.4. சூளையில் வைத்துச் சுட்டால் இரண்டு மூல் காபனீரொட்சைட்டு, அதாவது 88 கிராம், புகையாகப் போய்விடும். மிஞ்சுவது 96.4. நூறு கிலோ சுத்தமான டொலமைட்டை உள்ளே போட்டால் வெளியே வருவது ஐம்பத்திரண்டு கிலோ. சூளைக்காரர் இதைக் கணக்குப் போட்டுத் தெரிந்துகொள்வதில்லை. வண்டியில் ஏற்றும்போது கைக்கே தெரியும். மூலர்த் திணிவு என்பது இந்த அனுபவத்தைத் தாளில் எழுதும் முறை.

இந்தப் பளிங்குச் சுண்ணாம்புக் கல்லைப் பற்றி 1902இல் இலண்டன் புவியியல் சங்கத்தின் ஆய்விதழில் ஒரு கட்டுரை வந்தது. இலங்கையின் பளிங்குச் சுண்ணாம்புக் கற்கள் என்பதே அதன் பொருள். எழுதியவருக்கு அப்போது இருபத்தைந்து வயது. பெயர் ஆனந்த கெந்திஷ் குமாரசுவாமி.

ஆமாம், அவரேதான். சிவ நடனத்தைப் பற்றி எழுதியவர், பொஸ்டன் அருங்காட்சியகத்தில் இந்தியக் கலைப் பிரிவைக் கட்டி வளர்த்தவர். கலை வரலாறு படிக்கிறவர்கள் அவரைக் கொண்டாடுகிறார்கள். விஞ்ஞானம் படிக்கிறவர்களுக்கு அவரைத் தெரியாது. இது எனக்கு எப்போதுமே உறுத்தும், ஏனென்றால் அவருடைய முதல் தொழில் கல்தான். 1877இல் கொழும்பில் பிறந்தார். அப்பா சர் முத்துக்குமாரசுவாமி, சட்டசபை உறுப்பினர். அம்மா எலிசபெத் பீபி, ஆங்கிலேயர். அப்பா 1879இல் இறந்துபோக, பிள்ளை இங்கிலாந்திலேயே வளர்ந்தது. இலண்டன் யுனிவர்சிற்றிக் கல்லூரியில் புவியியலும் தாவரவியலும் படித்து 1900இல் பட்டம் வாங்கினார். 1903இல் இலங்கைக் கனிய அளவையின் பணிப்பாளராக இங்கே வந்து, 1906 வரை அந்த வேலையில் இருந்தார். ஊர் ஊராகக் கல் தேடித் திரிந்த அந்த நாட்களில்தான் கண்டிய ஓவியர்களையும் கொல்லர்களையும் பாய் பின்னுகிறவர்களையும் பார்த்து மனம் மாறினார் என்று அவரது வரலாற்றை எழுதுகிறவர்கள் சொல்வார்கள். சரி. ஆனால் மனம் மாறுவதற்கு முன்னும் மாறிக்கொண்டிருக்கும்போதும் அவர் வேலையை ஒழுங்காகத்தான் செய்துகொண்டிருந்தார்.

அந்த வேலையில் 1904இல் கையில் கிடைத்தது ஒரு கறுப்புக் கல்.

சப்ரகமுவவில், பலாங்கொடைப் பக்கத்து மாணிக்கக் குழிகளில் இல்லம் என்று சொல்லப்படும் பரல் மண்ணைக் கூடையில் போட்டு ஆற்றுத் தண்ணீரில் சுழற்றி அலசுவார்கள். பாரம் குறைந்தது வெளியே ஓடும், பாரமானது அடியில் தங்கும். நீலம், புஷ்பராகம் எல்லாம் அந்த அடிமண்ணில் இருந்துதான் பொறுக்குவார்கள். அதோடு சில நேரம் சின்னச் சின்னச் சதுரக் கட்டிகளாகக் கறுப்பாக ஏதோ வரும். மினுக்கம் கிடையாது, வெட்டவும் முடியாது, விற்கவும் முடியாது. ஆனால் அளவுக்கு மீறிய பாரம். தண்ணீரைவிட ஒன்பது மடங்குக்கு மேல் அடர்த்தி, இரும்பைவிடக் கனம்.

குமாரசுவாமி முதலில் இதை யுரேனினைட், அதாவது யுரேனியத் தாது என்றுதான் நினைத்தார். மாதிரி இலண்டனில் இருந்த இம்பீரியல் இன்ஸ்டிரியூட்டுக்குப் போனது. அங்கே பணிப்பாளராக இருந்த விண்டம் டன்ஸ்டன் பகுத்துப் பார்த்தால், யுரேனியம் இருக்கிறதுதான், ஆனால் கல்லின் பெரும் பகுதி தோரியம் ஒட்சைட்டு. அதுவரை யாரும் விவரிக்காத புதுக் கனியம். தோரியனைட் என்று பெயர் வைத்தார்.

இலண்டனுக்கு இதில் ஏன் இவ்வளவு ஆர்வம்? காரணம் காஸ் விளக்கு. அந்தக் காலத்துக் காஸ் விளக்குகளின் வலைக்கு, பளிச்சென்று வெளிச்சம் தருகிற அந்த வெள்ளைக் கூடுக்கு, தோரியம் ஒட்சைட்டுத்தான் மூலப்பொருள். இலண்டன் தெருக்களுக்கு வெளிச்சம் வேண்டும், காலனியில் தோரியம் இருக்கிறது. கணக்கு அவ்வளவு சுலபம். ஆய்வுக்கும் ஏற்றுமதிக்கும் நடுவில் பெரிய இடைவெளி இருக்கவில்லை.

வியாபாரிகளைவிட ஆய்வுகூடங்கள் இந்தக் கல்லுக்கு அடித்துப் பிடித்தன. 1905இல் இலண்டனில் வில்லியம் ராம்சேயிடம் வேலை பழக வந்திருந்த ஒரு ஜெர்மன் இளைஞனிடம் இலங்கைத் தோரியனைட்டிலிருந்து பிரித்த உப்பைக் கொடுத்து, இதிலிருந்து ரேடியத்தை எடு என்றார்கள். அவன் எடுத்தது ரேடியத்தை மட்டுமல்ல; ரேடியோதோரியம் என்று தான் பெயரிட்ட ஒரு புதுக் கதிர்த்தொழிற்பாட்டுப் பொருளையும் கண்டுபிடித்தான். அந்த இளைஞன் ஒட்டோ ஹான். பிற்காலத்தில், 1938இல், யுரேனியக் கரு பிளவுபடுவதைக் கண்டுபிடித்த அதே ஹான். அவருடைய முதல் பெரிய கண்டுபிடிப்பு சப்ரகமுவச் சேற்றிலிருந்து வந்தது என்று சொன்னால் மிகையில்லை.

இப்போது ஈயத்துக்கு வருவோம்.

தோரியனைட்டைப் பகுத்தால் தோரியம், யுரேனியம், இதர சில்லறைகளோடு கொஞ்சம் ஈயமும் எப்போதும் இருக்கும். யுரேனியம் இருக்கும் எந்தப் பழைய கல்லை எடுத்தாலும் ஈயம் இருக்கும். இது தற்செயல் இல்லை, யுரேனியம் சிதைந்து சிதைந்து கடைசியில் ஈயமாகத்தான் முடிகிறது என்று அமெரிக்காவின் பேர்ட்ரம் போல்ட்வுட் சொன்னார். அப்படியானால் ஈயத்துக்கும் யுரேனியத்துக்கும் உள்ள விகிதத்தை வைத்துக் கல்லின் வயதைக் கண்டுபிடிக்கலாமே என்று 1907இல் கணக்கும் போட்டார். அவருடைய பட்டியலில் எல்லாவற்றிலும் மூத்த கல் இலங்கைத் தோரியனைட்: 220 கோடி ஆண்டு.

அது பிழை. இலங்கையின் இந்த வகைக் கற்களின் வயது சுமார் 55 கோடி ஆண்டு என்றுதான் இன்றைய அளவீடுகள் காட்டுகின்றன. போல்ட்வுட் தோரியம் ஈயமாக மாறாது என்று நம்பினார். அதனால் தோரியத்தின் பிள்ளைகளையும் யுரேனியத்தின் வீட்டுக் கணக்கிலேயே எழுதிவிட்டார். ஈயம் கூடக் கூட வயதும் கூடிப்போச்சு. இரண்டு வீட்டு ஈயத்தையும் பிரித்துப் பார்க்க அப்போது வழி இருக்கவில்லை. இரசாயன முறையில் இரண்டும் ஒன்றுதான். ஒரே வீழ்படிவு, ஒரே நிறம், ஒரே நிறமாலை.

பிரிக்க ஒரே வழி எடை. அதைச் சொன்னவர் கிளாஸ்கோவில் இருந்த ஃபிரெடெரிக் சொடி. 1913இல் சமதானி என்ற கருத்தை, ஒரே மூலகம் ஆனால் வேறு வேறு திணிவு என்ற கருத்தை, அவர் பெயரோடு முன்வைத்தார். (ஐசோடோப் என்ற கிரேக்கப் பெயரை அவருக்கு எடுத்துக் கொடுத்தவர் மார்கரெட் டொட் என்ற பெண் மருத்துவர். இதையும் பாடப் புத்தகங்கள் சொல்வதில்லை.) சொடியின் வாதத்தை ஒரு ஓ-எல் பிள்ளையாலும் போட்டுப் பார்க்க முடியும். யுரேனியம் 238. அது ஈயமாக முடிவதற்குள் எட்டு அல்பாத் துணிக்கைகளை வெளியே விடுகிறது. ஒவ்வொன்றும் 4. எட்டு நாலு முப்பத்திரண்டு. 238இல் 32 போனால் 206. தோரியம் 232. அது விடுவது ஆறு அல்பா. ஆறு நாலு இருபத்து நாலு. 232இல் 24 போனால் 208. சாதாரணக் கடையில் வாங்கும் ஈயம் 207க்குக் கொஞ்சம் மேலே, நடுவில் நிற்கிறது.

ஆகவே யுரேனியக் கல்லிலிருந்து எடுத்த ஈயம் லேசாக இருக்க வேண்டும், தோரியக் கல்லிலிருந்து எடுத்த ஈயம் பாரமாக இருக்க வேண்டும். இருந்தால் சமதானி உண்மை. எல்லாம் ஒரே எடையில் இருந்தால் சொடியின் கதை கற்பனை.

இதை இன்றைக்கு வாசிக்கும்போது சின்ன விசயமாகத் தெரியும். அன்றைக்கு அப்படி இல்லை. ஒரு மூலகத்தின் அணுத்திணிவு மாறாது என்பதுதான் டோல்ற்றன் காலம் தொட்டு நூறு வருசமாக இரசாயனவியல் நின்ற தூண். எந்தச் சேர்வையின் மூலர்த் திணிவையும் கூட்டல் கணக்காகப் போடலாம் என்ற துணிச்சலே அதிலிருந்து வந்ததுதான். ஈயத்தின் எடை இடத்துக்கு இடம் மாறும் என்றால், 331.2 என்ற விடை எந்த ஊர் ஈயத்துக்கு?

சோதிக்க யுரேனியம் மிகக் குறைந்த, தோரியம் நிறைந்த கல் ஒன்று வேண்டும். அப்படிப்பட்ட கல் இலங்கையில் கிடைத்தது. தோரியனைட் இல்லை, அதன் சொந்தக்காரனான தோரைட். இதிலும் பாதிக்கு மேல் தோரியம், யுரேனியமோ நூற்றில் ஒன்றிரண்டு பங்குதான். 1914இல் சொடியும் ஹைமனும் இலங்கைத் தோரைட்டிலிருந்து எடுத்த கொஞ்சூண்டு ஈயத்தை வைத்து அணுத்திணிவைப் பார்த்தார்கள். சாதாரண ஈயத்தைவிடப் பாரம் என்று வந்தது. ஆனால் ஒரு கிராமை ஒட்டிய ஈயத்தை வைத்து நூறு வருசத் தூணை அசைக்க முடியுமா? யாரும் நம்பத் தயாராக இல்லை.

அதனால் சொடி கிலோக் கணக்கில் தோரைட்டைக் கரைத்து, பிரித்து, சுத்தப்படுத்தி, கடைசியில் சுமார் 80 கிராம் ஈயம் சேர்த்தார். இந்த முறை அவர் செய்தது எனக்கு மிகவும் பிடித்த வேலை. சிக்கலான பகுப்பை விட்டுவிட்டு நேரே அடர்த்தியை அளந்தார். சமதானிகள் இரசாயனத்தில் ஒன்றே என்றால் அவற்றின் அணுக்கள் பிடிக்கும் இடமும் ஒன்றாகத்தான் இருக்கும். அப்படியானால் அணு எவ்வளவு பாரமோ, உலோகமும் அவ்வளவு அடர்த்தியாக இருக்க வேண்டும். 1915இல் விடை வந்தது. இலங்கை ஈயம் சாதாரண ஈயத்தைவிட 0.26 வீதம் அடர்த்தி கூட. நீங்களே பெருக்கிப் பாருங்க: 207.2இன் 0.26 வீதம் 0.54. கூட்டினால் 207.74. பிறகு இந்த ஈயத்தை அணுத்திணிவு அளப்பதில் பேர்போன ஒட்டோ ஹோனிக்ஷ்மிட்டிடம் கொடுத்தார்கள். அவர் தனது முறையில், தராசில் வைத்து, 207.77 என்றார்.

அதே காலத்தில் அத்திலாந்திக்குக்கு அந்தப் பக்கம், ஹார்வர்டில், தியோடர் றிச்சர்ட்ஸ். அவரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக முடியாது. வாழ்க்கை முழுவதையும் அணுத்திணிவை அளப்பதற்கே கொடுத்த மனுசன். ஒரு உப்பை இருபது முப்பது தடவை பளிங்காக்கிச் சுத்தப்படுத்துவது அவருக்குச் சாதாரணம். 1914ஆம் ஆண்டின் இரசாயன நோபல் அவருக்குத்தான், அந்தத் துறையில் அமெரிக்காவுக்குக் கிடைத்த முதலாவது. அணுத்திணிவு மாறாது என்ற நம்பிக்கையின் மேல் வீடு கட்டியவர் யாராவது இருந்தால் அது அவர்தான். அவரிடம் ஜெர்மனியிலிருந்து மக்ஸ் லெம்பர்ட் என்ற மாணவர் வந்து சேர, இருவரும் கதிர்த்தொழிற்பாட்டுக் கற்களிலிருந்து எடுத்த ஈயங்களை வரிசையாக அளந்தார்கள். கொலராடோக் கல், பொஹீமியாவின் யோகிம்ஸ்தால் கல், இங்கிலாந்துக் கல். அந்த வரிசையில் இலங்கைத் தோரியனைட்டும் இருந்தது.

அவர்கள் செய்தது நம்ம மூலர்த் திணிவுக் கணக்கைத் தலைகீழாகப் போட்டதுதான். ஈயத்தைக் குளோரைட்டாக மாற்றுவது. அதில் உள்ள குளோரீன் முழுவதையும் வீழ்படிவாக்க எவ்வளவு வெள்ளி தேவை என்று பார்ப்பது. ஒரு மூல் ஈயக் குளோரைட்டுக்கு இரண்டு மூல் வெள்ளி. வெள்ளியின் எடை தெரியும், குளோரீனின் எடை தெரியும், மிஞ்சுவது ஈயத்தின் எடை. இன்றைய எண்களை வைத்துப் போட்டால், சாதாரண ஈயத்தில் செய்த 10 கிராம் ஈயக் குளோரைட்டுக்கு 7.757 கிராம் வெள்ளி வேண்டும். ஈயம் 206.82 என்றால், அதே 10 கிராமுக்கு 7.768 கிராம். வித்தியாசம் 11 மில்லிகிராம். ஒரு சிட்டிகை உப்பில் ஒரு சின்னப் பங்கு. நம்ம பள்ளிக்கூட ஆய்வுகூடத் தராசில் இது காற்றடித்தாலே காணாமல் போகும். றிச்சர்ட்ஸ் மில்லிகிராமில் பத்தில் ஒரு பங்கைப் பற்றிக் கவலைப்படுகிறவர். அவருக்கு 11 மில்லிகிராம் என்பது மலை.

இலங்கைத் தோரியனைட் ஈயத்துக்கு அவர்களுக்கு வந்தது 206.82. சாதாரண ஈயத்துக்கு அவர்கள் அளந்தது 207.15. கற்கள் எல்லாமே சாதாரண ஈயத்தைவிட லேசு, ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவில். நிறமாலையை ஒப்பிட்டுப் பார்த்தார்கள், வித்தியாசம் இல்லை. அழுக்கு கலந்திருக்குமோ என்று திரும்பத் திரும்பச் சுத்தப்படுத்தினார்கள், எண் அசையவில்லை. தன் வாழ்நாள் நம்பிக்கைக்கு எதிரான முடிவைத் தன் கையாலேயே அளந்து, தன் பெயரிலேயே வெளியிட்டார் றிச்சர்ட்ஸ்.

இங்கே ஒரு கேள்வி வரும். தோரியனைட் என்பது தோரியக் கல்தானே, அதன் ஈயம் 208 பக்கம்தானே சாய வேண்டும், ஏன் லேசாக வந்தது? காரணம், தோரியனைட்டில் யுரேனியமும் கலந்திருக்கும், அதன் அளவு கல்லுக்குக் கல் மாறும். யுரேனியம் பாதியாகக் குறைய சுமார் 447 கோடி ஆண்டு. தோரியத்துக்குச் சுமார் 1,400 கோடி ஆண்டு. யுரேனியம் மூன்று மடங்கு வேகமாக ஈயம் பெறுகிறது. அதனால் கல்லில் யுரேனியம் கொஞ்சம் கூடினாலும் 206 முந்திவிடும். தோரைட்டில் யுரேனியம் சொற்பம், அதனால் 208 பக்கம் சாய்ந்தது. ஒரே தீவின் மண்ணில் கிடந்த இரண்டு கறுப்புக் கற்கள். ஒன்றில் சாதாரணத்தைவிட லேசான ஈயம், மற்றதில் சாதாரணத்தைவிடப் பாரமான ஈயம். ஒருத்தர் அளந்ததில் பிழை என்று தள்ளிவிடலாம். இரண்டு திசையிலும் விலகல், அதுவும் முன்கூட்டியே சொல்லப்பட்ட திசையில் வந்தால் தள்ள முடியாது. 1921ஆம் ஆண்டுக்கான நோபல் சொடிக்குக் கிடைத்தது. பரிசு உரையில் அவர் விளக்கிய சான்றுகளில் இலங்கைத் தோரைட்டுக்குத் தனி இடம் உண்டு.

1927இல் ஃபிரான்சிஸ் அஸ்ரன் தனது திணிவு நிறமாலைக் கருவியில் ஈயத்தை ஏற்றி 206, 207, 208 எனக் கோடு கோடாகவே காட்டினார். பிறகு 204உம் சேர்ந்தது. இன்றைக்கு நாம் 207.2 என்று எழுதுவது அந்த நான்கின் சராசரி: நூறு ஈய அணுவில் 204 ஒன்றரை போல, 206 இருபத்து நாலு, 207 இருபத்திரண்டு, 208 ஐம்பத்திரண்டு. பெருக்கிக் கூட்டிப் பாருங்க, 207.2 வரும். ஆனால் இந்த வீதங்கள் எங்கேயும் ஒன்றாக இருப்பதில்லை. பக்கத்தில் யுரேனியம் இருந்த மண்ணில் ஒரு கலவை, தோரியம் இருந்த மண்ணில் வேறு கலவை. 207.2 என்பது எந்த ஒரு ஈய அணுவின் எடையும் இல்லை. சோடியத்துக்கு எட்டுத் தசமதானம் போட முடிவது, இயற்கையில் சோடியத்துக்கு ஒரே ஒரு நிலையான சமதானி இருப்பதால்தான்.

இதையெல்லாம் ஏன் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன் என்றால், நம்ம பிள்ளைகளுக்கு இரசாயனவியல் வந்து சேரும் விதம் அப்படி. மலையகத் தமிழ்ப் பாடசாலைகளில் உயர்தர விஞ்ஞானப் பிரிவு இருப்பதே குறைவு. இருக்கும் இடத்தில் ஆசிரியர் இல்லை. ஆசிரியர் இருக்கும் இடத்தில் ஆய்வுகூடம் பூட்டிக் கிடக்கும். அதையும் தாண்டி வருகிற பிள்ளைக்கு அணுத்திணிவு என்பது வினாத்தாளின் தலையில் அச்சடித்து வரும் ஒரு எண், எங்கேயோ வெள்ளைக்காரன் கண்டுபிடித்துக் கொடுத்தது. அந்த எண்ணின் பின்னால் இரத்தினபுரி மாவட்டத்துக் குழி இருக்கிறது, கூடை இருக்கிறது, கொழும்பில் பிறந்த ஒரு தமிழ்ப் புவியியலாளன் இருக்கிறான் என்று எந்த வகுப்பிலும் சொல்வதில்லை. குமாரசுவாமியைக் கலைக்காரர்களுக்குக் கொடுத்துவிட்டோம். கனிய அளவையில் அவர் இருந்த காலத்தை, உண்மையான வாழ்க்கைக்கு முன்னால் வந்த ஒரு தரிப்பிடம் மாதிரிக் கடந்து போகிறார்கள். 1906இல் அவருக்கு இலண்டன் பல்கலைக்கழகம் கலாநிதிப் பட்டம் கொடுத்தது இலங்கைப் புவியியலுக்காகத்தான், நடராசருக்காக இல்லை.

அதற்காக அவரை மட்டும் தூக்கி வைப்பதும் முழு நியாயம் ஆகாது. கல்லைப் பார்த்தவுடன் இது என்ன என்று அவர் நினைத்தது பிழையாகத்தான் இருந்தது. சரியாகச் சொன்னது இலண்டன் ஆய்வுகூடம். அவருடைய பங்கு, வித்தியாசமான கல் என்று கண்டு அதை விடாமல் அனுப்பியது. அவருக்கும் முன்னால், கூடையின் அடியில் தங்கிய அந்தக் கறுப்புக் கட்டி நீலமும் இல்லை, இரும்பும் இல்லை, இது வேற என்னவோ என்று எடுத்து ஓரமாக வைத்த ஒரு கை இருந்திருக்க வேண்டும். சொடியின் கட்டுரைத் தலைப்பில் சிலோன் என்ற சொல் இருக்கிறது. இடுப்பளவு தண்ணீரில் நின்று அலசிய ஆட்களின் பெயர் எந்த ஆய்விதழிலும் ஏறவில்லை.

றிச்சர்ட்சின் அளவீட்டுக்கு நூறு ஆண்டு கழித்தும் ஈயத்தின் எண்ணை என்ன செய்வது என்று தூய, பிரயோக இரசாயனவியலுக்கான சர்வதேச ஒன்றியத்துக்குத் தலைவலி தீரவில்லை. பிறகு ஒரு முடிவு எடுத்தார்கள். இனி ஈயத்தின் நியம அணுத்திணிவு ஒற்றை எண் இல்லை, ஒரு வீச்சு: 206.14 முதல் 207.94 வரை. ஒரே எண்தான் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களுக்கு 207.2, ஆனால் கூட்டல் கழித்தல் 1.1. றிச்சர்ட்ஸ் அளந்த நம்ம தோரியனைட் ஈயமும், ஹோனிக்ஷ்மிட் அளந்த நம்ம தோரைட் ஈயமும் அந்த வீச்சுக்குள்ளேயே நிற்கின்றன, நடு எண்ணுக்கு அந்தப் பக்கம் ஒன்று, இந்தப் பக்கம் ஒன்று.

ஆக, ஈய நைத்திரேற்றை மறுபடி போட்டுப் பார்ப்போம். நைத்திரேற்று இரண்டுக்கு 124, அதில் பெரிய மாற்றம் இல்லை. இலங்கைத் தோரியனைட் ஈயத்தில் செய்தால் 330.8. இலங்கைத் தோரைட் ஈயத்தில் செய்தால் 331.8. வினாத்தாளில் ஈயம் 207 என்று கொடுத்திருந்தால் 331 என்றே எழுதுங்க, புள்ளி அதற்குத்தான்.